கடமான் தலை

மலைநாட்டில் வேட்டை கற்பிக்கிறவர்களுக்கெல்லாம் வேட்டை கற்பித்தவர் எயினி. அவரிடம் படித்த ஆணும் பெண்ணும் அவரை அம்மா என்றே அழைத்தார்கள்.

அவருடைய சீடர்களில் பேர்பெற்றவன் அந்துவன். மலைநாட்டுத் தலைவர் தம் ஊர் இளைஞர்களுக்கு வேட்டை கற்பிக்க அவனை அமர்த்தியிருந்தார். அவனுடைய மாணவர்கள் கொண்டுவந்த மான் தலைகள் தலைவரின் மண்டபச் சுவரை நிறைத்திருந்தன. விருந்துக்கு வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, எந்தத் தலை யாருடையது என்று கேட்பார்கள். ஊர்க்காரர்கள் மாணவன் பெயரைச் சொல்லிவிட்டு அந்துவன் பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள்.

ஒருநாள் முற்பகலில் அந்துவன் எயினியின் குடிலுக்கு வந்தான். தலைவரின் மகன் பொறையனும் கூட வந்திருந்தான். அரும்பு மீசைக்காரன். முந்தின நாள்தான் முதன்முதலாக வேட்டைக்குப் போயிருந்தான்.

அந்துவன் தோளிலிருந்த சாக்கை இறக்கி அவிழ்த்தான். ஒரு கடமானின் தலை. கொம்புகள் கிளைவிட்டு அகன்றிருந்தன. இவ்வளவு பெரிய கொம்பு மண்டபத்தில் இதுவரை இல்லை என்றான் அவன். நேற்று அந்தி நேரத்தில் ஆற்றுத்துறையில் பொறையன் வீழ்த்தியது, இன்று மாலை விருந்தில் நடுச்சுவரில் மாட்டப்போகிறார்கள், அதற்கு முன் அம்மா தொட்டு வாழ்த்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டான்.

எயினி கொம்பைப் பார்க்கவில்லை.

"உடல் எங்கே?"

"துறையிலேயே விட்டுவிட்டோம் அம்மா. சுமக்க ஆள் இல்லை."

"ஊரில் அடுப்பு எரியாத வீடே இல்லையா?"

விருந்துக்கு வேண்டிய ஆடுகளை ஏற்கெனவே வெட்டியாயிற்று என்றான் அந்துவன். அவர் கேட்டது அவனுக்குப் புரியவில்லை.

எயினி பொறையனின் பக்கம் திரும்பினார். ஒரே அம்பில் விழுந்ததா என்று கேட்டார். அவன் தன் ஆசானைப் பார்த்தான். பதில் அந்துவனிடமிருந்து வந்தது. முதல் அம்பு தவறிவிட்டது, குறுக்கே வந்த ஒரு பெண்மானின் மேல் பட்டது, அது காட்டுக்குள் ஓடிவிட்டது, முதல் வேட்டையில் எல்லோருக்கும் கை நடுங்கத்தான் செய்யும் என்றான்.

"தேடினீர்களா?"

"இருட்டிக்கொண்டு வந்தது."

"காலையில்?"

"காலையில் இந்தத் தலையைச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது."

எயினி எழுந்தார். கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு ஆற்றுத்துறையை நோக்கி நடந்தார். இருவரும் பின்னால் ஓடினார்கள்.

துறையில் கடமானின் உடலை நரிகள் குதறிப்போட்டிருந்தன. அதைத் தாண்டியதும் புல்லில் காய்ந்த இரத்தம் தெரிந்தது. சில இடங்களில் சொட்டுச் சொட்டாக, சில இடங்களில் தேங்கி. பெண்மான் நின்று நின்று போயிருந்தது. ஒரு பாறையருகே புல் நசுங்கிக் கிடந்தது. அங்கே படுத்து, மறுபடி எழுந்து போயிருந்தது. அந்துவனுக்கு இதையெல்லாம் படிக்கத் தெரியும். அவன் தலையைக் குனிந்துகொண்டு நடந்தான்.

மூங்கில் புதருக்குள் அது கிடந்தது. அம்பு வயிற்றில் நின்றது. புண்ணில் எறும்பு மொய்த்தது. ஆட்களைக் கண்டதும் முன்னங்கால்களை ஊன்றி எழப் பார்த்தது. பின்னங்கால்கள் வரவில்லை.

அந்துவன் தன் கத்தியை உருவிப் பொறையனிடம் நீட்டினான்.

"உன் அம்பு. நீயே முடித்துவிடு."

எயினி அந்தக் கத்தியைப் பிடுங்கி அந்துவனின் கையிலேயே திணித்தார்.

"நீ."

அவன் மண்டியிட்டான். எத்தனையோ முறை செய்த வேலைதான். அன்று கத்தி இரண்டாம் முறையும் இறங்க வேண்டியிருந்தது.

எழுந்தபோது அவன் முகம் சிவந்திருந்தது. கத்தியைப் புல்லில் துடைத்தான். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தான். பிறகு பொங்கிவிட்டான். மலைநாடு முழுக்கத் தன்னை ஆசான் என்கிறது, இங்கே தன் மாணவனின் கண்ணெதிரே தனக்கு இந்த அவமானமா என்று கேட்டான்.

"அம்பு விட்டவன் அவன். என்மேல் எதற்கு இந்தக் கோபம்?"

எயினி பொறையனைக் கேட்டார்.

"இது அடிபட்டதும் நீ என்ன செய்தாய்?"

"பின்னால் ஓடினேன் அம்மா."

"எதுவரை?"

"ஆசான் என் தோளைப் பிடித்து நிறுத்தும் வரை."

"நிறுத்தி என்ன சொன்னான்?"

பொறையனின் கண்கள் மானின் மேலேயே இருந்தன.

"சொல்."

"'விடு, அதற்குக் கொம்பு இல்லை' என்றார்."

மூங்கில் காற்றில் உரசியது. எயினி அந்துவனின் முன் வந்து நின்றார். கை ஓங்கியது. அடி விழவில்லை. ஓங்கிய கையைத் தாழ்த்தி மானைக் காட்டினார்.

"தூக்கு."

அந்துவன் அதைத் தோளில் ஏற்றிக்கொண்டான். வழியெல்லாம் இரத்தம் அவன் முதுகில் வழிந்தது. பொறையன் கைமாற்றிக்கொள்ள வந்தபோது எயினி தடுத்துவிட்டார்.

குடிலுக்கு வந்ததும் மானை அறுத்துக் கூறுபோட்டார்கள். மலையடிவாரத்து வீடுகளுக்குக் கொண்டுபோகச் சொல்லி எயினி பொறையனை அனுப்பினார். அவன் போய்ப் போய்த் திரும்பினான். கடைசிப் பங்கைக் கொடுத்துவிட்டு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மண்டபத்திலிருந்து பறைச்சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. முற்றத்தில் கடமானின் தலையை ஈ மொய்த்துக்கொண்டிருந்தது.

தலைவரின் ஆள் ஒருவன் வந்தான். விருந்தாளிகள் வந்துவிட்டார்கள், தலையைக் கேட்கிறார்கள் என்றான். அந்துவன் அசையவில்லை. பொறையன்தான் எழுந்து போய் அவனிடம் பேசினான். மாட்டுவதற்குத் தலை எதுவும் இல்லை, காரணத்தை அப்பாவிடம் நானே வந்து சொல்கிறேன் என்றான். வந்தவன் முற்றத்துத் தலையையும் பொறையனின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான்.

பொறையன் ஒரு குழி தோண்டி அந்தத் தலையைப் புதைத்தான். கொம்புகள் மறையும்வரை தோண்டக் கைவலித்திருக்கும். அவன் நிறுத்தவில்லை. அந்துவன் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். அவன் முகத்தில் கோபம் போய்விட்டிருந்தது. அந்த இடத்தில் வேறு எதுவும் வரவில்லை.

குழி மூடியதும் அவன் எயினியிடம் வந்தான்.

"தலைவர் இனி என்னை வைத்துக்கொள்ள மாட்டார். வைத்துக்கொண்டாலும் எனக்குத் தகுதியில்லை. பொறையனுக்கு நீங்களே கற்பியுங்கள் அம்மா."

எயினி கையிலிருந்த இரத்தத்தைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். அவர் குரலில் கோபம் இன்னும் தணிந்திருக்கவில்லை.

"நாளை விடியும்போது இரண்டு பேரும் காட்டுக்கு வாருங்கள்," என்றார். "பொறையன் முன்னால் நடக்கட்டும். நீ அவன் பின்னால் வா."