தாலி சுமந்த சீடர்

"தாயே, இந்த ஊர்ல இறங்கித்தான் ஆகணுமா?"

கேட்டவர் வைரவர். கேட்கப்பட்டவள் கோமதியம்மை. அவள் குரு, இவர் சீடர். ஆனால் வயது என்னவோ சீடருக்குத்தான் அதிகம்.

அடகுக்கடை வாசலில் ஆயுசு முழுக்கக் காவல் இருந்து, உடம்பு ஓய்ந்த பிறகு ஞானம் தேடி வந்தவர் அவர். தன் காவலில் ஒரு குந்துமணித் தங்கம்கூடக் களவு போனதில்லை என்று சொல்லிக்கொள்வார். அந்தப் பெருமையை மட்டும் துறக்கச் சொல்லி அம்மை ஒருநாளும் கேட்டதில்லை.

கப்பல் மலாய்க் கரையில் ஒரு துறைமுகத்தை நெருங்கிக்கொண்டிருந்தது.

"இறங்காம? பவளம் கழுத்துக்குத் தாலியை யாரு கொண்டுபோறது?" என்றாள் அம்மை.

வைரவர் கக்கத்து மூட்டையை இறுக்கிக்கொண்டார். துணிமணிக்கு நடுவே, மஞ்சள் துணியில் முடிந்த தாலி இருந்தது. ஊரில் படுத்த படுக்கையாகக் கிடந்த சிட்டம்மாள் கொடுத்தனுப்பியது. புருஷன் போன பிறகு கழற்றி வைத்த தன் தாலியை உருக்கி, மகளுக்கென்று செய்வித்தது.

மகள் பவளம் இந்த ஊரில் தாய்மாமன் வீட்டில் வளர்ந்தவள். இன்றைக்கு அவளுக்குக் கல்யாணம். உச்சிப்பொழுதுக்கு முன்னால் முகூர்த்தம். காற்று கைகொடுக்காமல் கப்பல் தாமதித்துவிட்டது.

சிட்டம்மாள் இனி அதிக நாள் தாங்க மாட்டாள் என்று வைத்தியர் கைவிரித்துவிட்டார். மகள் கல்யாணத்தைப் பார்க்கத்தான் கொடுத்துவைக்கவில்லை, தன் தங்கத்தைக் கொண்டாவது அவள் கழுத்தில் தாலி ஏறட்டும் என்று அந்தத் தாய் ஆசைப்பட்டாள். பாவம், ஒரே ஆசை.

"கப்பல்ல எல்லாரும் இதே பேச்சுத்தான், தாயே. இங்க உள்ள கள்ளனுங்க, கண்ணு இமைக்கிறதுக்குள்ள கோவணத்தையே உருவிடுவானுங்களாம்."

"அப்ப இமைக்காம இருங்க," என்றாள் அம்மை.

வைரவர் அதை உபதேசமாகவே எடுத்துக்கொண்டார்.

*

கரையில் திருவிழாக் கூட்டம். சீனர், மலாய்க்காரர், அரபியர், நம்மவர் என்று எத்தனையோ விதமான முகங்கள். வைரவர் ஒரு முகத்தையும் பார்க்கவில்லை. கைகளைப் பார்த்தார். கள்ளனைக் கையில்தான் பிடிக்க வேண்டும் என்பது காவல்காரர் பாடம்.

கைலியும் தொப்பியுமாக ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். வந்த வேகத்தில், வைரவர் கக்கத்திலிருந்த மூட்டையில் கை வைத்தார்.

வைரவரின் கைத்தடி இறங்கியது.

வந்தவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது.

வைரவர் எடுத்தார் ஓட்டம். குரு பின்னால் வருகிறாளா என்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

*

ஒரு சந்துக்குள் நின்று மூட்டையை அவிழ்த்தார். தாலி இருந்தது. அதை எடுத்து மடியில் செருகிக்கொண்டார். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். இவருக்கோ வழியெல்லாம் பயம்தான் இருந்தது, வழி தெரியவில்லை.

தேநீர்க் கடைக்காரர் கையசைத்துக் கூப்பிட்டார். வைரவர் எதிர்ச்சாரிக்குப் போய்விட்டார்.

தோளிலிருந்து துண்டு நழுவியது. ஒரு மலாய்ப் பெண் அதை எடுத்துக்கொண்டு, ஏதோ சொல்லிக் கூவியபடி பின்னால் ஓடிவந்தாள். இவர் அவளைவிட வேகமாக ஓடினார். அவள் சலித்துப்போய், துண்டை ஒரு வேலியில் போட்டுவிட்டுப் போனாள்.

சந்தனப் பொட்டு வைத்த ஒருவர் எதிரே வந்தார்.

"ஐயா ஊருக்குப் புதுசா? கல்யாண வீட்டுக்கா? வாங்க, நானும் அங்கதான் போறேன்."

"கல்யாணமா? எந்தக் கல்யாணம்? எனக்கு ஒண்ணும் தெரியாது."

அவர் தோளைக் குலுக்கிவிட்டு நடந்தார். எவ்வளவு தேனாகப் பேசுகிறான், நானா ஏமாறுகிறவன் என்று வைரவர் தன்னையே மெச்சிக்கொண்டார்.

ஒருவரிடமும் வழி கேட்கவில்லை. கேட்டால் ஊருக்குப் புதியவன் என்று தெரிந்துவிடும். பார்த்த தெருவையே திரும்பத் திரும்பப் பார்த்தார். வெயில் தலைக்கு நேரே ஏறிக்கொண்டிருந்தது.

அப்போது எங்கோ பக்கத்துத் தெருவில் கெட்டி மேளம் கொட்டியது.

வைரவர் நடுத்தெருவில் நின்றுவிட்டார். தாலி அவர் மடியில் இருந்தது.

*

மேளம் வந்த திசை பார்த்து ஓடினார். வாசலில் வாழை கட்டியிருந்தது. பந்தலில் கோமதியம்மை சாவகாசமாக உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில், நெற்றியில் ஈரத்துணி கட்டிய அந்தக் கைலிக்காரர்.

"இவரு யாரு, தாயே?"

"பொண்ணுக்குத் தாய்மாமன், பிச்சாண்டி. நம்மளை அழைச்சுட்டுப் போக கரைக்கே வந்திருக்கார். விருந்தாளி கைச்சுமையை வாங்குறது நம்ம ஊரு வழக்கந்தானே? வாங்கினார்."

"ஒரு வார்த்தை பேசலியே!"

"'வாங்க'ன்னார். தமிழ்லதான் சொன்னார்."

வைரவர் அவர் காலில் விழக் குனிந்தார். பிச்சாண்டி எழுந்து அவரைத் தாங்கிப் பிடித்தார்.

"விடுங்க பெரியவரே. நல்ல நாள்ல கல் தடுக்கிச்சுன்னு நெனச்சுக்கிறேன். எங்கக்கா அனுப்பினதுக்குக் கடைசி வரைக்கும் காத்துப் பார்த்தோம். முகூர்த்தம் தவறிப்போகும்னுதான்…"

பவளம் மணக்கோலத்தில் வந்து நின்றாள். கழுத்தில் புது மஞ்சள் கயிறு. அதில் தாலிக்குப் பதிலாக ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டு.

வைரவர் மடியை அவிழ்த்தார். துணியைப் பிரித்துத் தாலியை அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு, முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மி அழுதார்.

"பாவி நான், உன் கழுத்துல ஏற விடாமக் கெடுத்துட்டேனே!"

அவள் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"அழாதீங்க பெரியப்பா. இந்தக் கயித்துலயே கோத்துக்கிடலாம். களவு போகாம இம்புட்டுத் தூரம் கொண்டாந்தீங்களே, அதுவே பெருசு."

வைரவருக்கு மூச்சு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பவளம் இன்னும் ஓரடி கிட்டே வந்தாள்.

"பெரியப்பா, நீங்க கெளம்புறப்ப எங்கம்மா என்ன சொல்லிவிட்டாங்க?"

வைரவர் வாயைத் திறந்தார்.

சிட்டம்மாளின் உதடுகள் அசைந்தது நினைவுக்கு வந்தது. வெகுநேரம் அசைந்தன. மூச்சு வாங்கி வாங்கிப் பேசினாள். அப்போது அவர் மஞ்சள் துணியின் முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தார். தளர்ந்துவிடுமோ என்று அவிழ்த்து மறுபடியும் இறுக்கினார்.

"சொல்லுங்க பெரியப்பா."

வைரவர் திரும்பிக் குருவைப் பார்த்தார்.

"என்னைப் பாக்காதீங்க வைரவரே," என்றாள் கோமதியம்மை. "உங்க முகத்தைப் பாத்துத்தானே சொன்னா."