யானை எடை வெல்லமும் ஓர் எறும்பும்

செம்பொழில் நாட்டு அரசர் உத்தமகேசரி வருடத்துக்கு ஒருமுறை குலுக்கல் நடத்துவார். ஊரார் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போடுவார்கள். பட்டத்து யானை துதிக்கையை விட்டு ஒன்றை எடுக்கும். பெயர் வந்தவருக்கு அந்த யானையின் எடைக்கு எடை வெல்லம் பரிசு. ஏன் வெல்லம் என்று யாரும் கேட்டதில்லை. அரசருக்கு வெல்லம் பிடிக்கும், அவ்வளவுதான்.

அந்த வருடம் பரிசு சுண்ணாம்புக்காரி பொன்னுருவிக்கு விழுந்தது. அரண்மனை வாசலிலேயே மூன்றில் ஒரு பங்கை வரியாகப் பிடித்துக்கொண்டார்கள். மீதி வெல்லம் வீட்டு வாசலில் இறங்குவதற்குள் சொந்தக்காரர்கள் வந்து இறங்கிவிட்டார்கள். அக்காள் குடும்பம், நாத்தனார் குடும்பம், அடுத்த தெருக்காரர்கள், பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத சின்ன மாமனார். பொன்னுருவி ஒருவருக்கும் இல்லையென்று சொல்லவில்லை. எல்லார் வீட்டு அடுப்பிலும் பாயசம் கொதித்தது.

அரசவையில் சாதுர்யத்துக்குப் பேர்போன வெண்காடன் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு வாங்கப் போனவன். அவன் கையிலும் ஒரு கட்டி விழுந்தது. வீட்டுக்கு வந்து சேருவதற்குள் தின்று தீர்த்துவிட்டான்.

மறுநாள் தண்டோரா போட்டார்கள். வரி மந்திரி பஞ்சநதத்தின் புதுச் சட்டம் அது. குலுக்கலுக்கு முன்பே எழுதியதுதான். தண்டோராக்காரனுக்குத் தொண்டை கட்டியிருந்ததால் ஊருக்குத் தெரியாமல் போயிற்று.

"பரிசு பெறுபவரும், அதில் பங்கு பெறுபவரும், யாராயிருந்தாலும், பெற்றதில் மூன்றில் ஒரு பங்கை அதே பொருளில் கஜானாவுக்குச் செலுத்த வேண்டும்! பொழுது சாய்வதற்குள் செலுத்தாதவர்களுக்குச் சிறை! பங்கு கொடுத்தவரின் தொழில் ஏலம்!"

நாத்தனார் கடையில் வெல்லம் வாங்கிக்கொண்டு ஓடினாள். "இது யானை எடை போட்ட வெல்லம் இல்லை" என்று பஞ்சநதம் தள்ளிவிட்டார்.

பொன்னுருவி சபையில் வந்து விழுந்தாள். "சாமி, பாயசத்தை எப்படித் திருப்பிக் கொடுக்கறது? வயித்துக்குள்ள போனது போனதுதானே? சுண்ணாம்புக் காளவாயை ஏலம் போட்டா நான் எதைத் தின்னு பிழைப்பேன்?"

"தின்பதற்கு முன் யோசித்திருக்க வேண்டும்" என்றார் பஞ்சநதம்.

வெண்காடன் தூணோரமாக நின்று வியர்வையைத் துடைத்துக்கொண்டான். கூண்டோடு சிறைக்குப் போகிறவர்களில் தானும் ஒருவன் என்பது அவனுக்குத்தான் தெரியும். மெதுவாக முன்னே வந்தான்.

"மகாராஜா, நானும் ஒரு கட்டி தின்றுவிட்டேன். அரசவைக்காரன் என்பதால் எனக்கு மட்டும் மந்திரி விலக்குக் கொடுப்பாரா?"

பஞ்சநதத்தின் முகம் மலர்ந்தது. இந்த நாளுக்காக எத்தனை வருடம் காத்திருந்தார்! "ஓய் வெண்காடரே, விலக்கு என்ற பேச்சே கிடையாது. சட்டத்தை எழுதியவன் நான். உமக்கும் இல்லை, எனக்கும் இல்லை, மகாராஜாவுக்கே இல்லை!"

"யாருக்குமே இல்லையா?"

"யாருக்குமே இல்லை!"

"அப்படியானால் சரி. பொன்னுருவியிடம் ஒரே ஆளாக அதிகப் பங்கு வாங்கியது யார்? நாத்தனாரா?"

"இல்லை."

"சின்ன மாமனாரா?"

"அவருக்கு ஒரு கூடைதான்."

"உங்கள் கஜானா ஐயா! மூன்றில் ஒரு பங்கை வாசலிலேயே வாங்கியது. அது வரி கட்டிவிட்டதா?"

அரசர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கஜானா யாருக்கு ஐயா கட்டும்?" என்றார் பஞ்சநதம்.

"கஜானாவுக்குத்தான். நீங்கள் எழுதிய சட்டமாயிற்றே."

"அதில் என்ன கஷ்டம்? இதோ, கட்டியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளும்!"

"பொன்னுருவியும் அப்படியே வைத்துக்கொள்ளச் சொல்கிறாள்" என்றான் வெண்காடன்.

அரசருக்கு வாய்க்குள் சிரிப்பு. "மந்திரியாரே, கட்டிவிடும். பார்க்கலாம்."

கஜானா வாங்கிய வெல்லத்தில் மூன்றில் ஒரு பங்கை வண்டியில் ஏற்றி வெளியே கொண்டுவந்தார்கள். வாசலைச் சுற்றி மறுபடி உள்ளே இறக்கினார்கள். "கட்டியாயிற்று!" என்றார் பஞ்சநதம்.

"கஜானா இப்போது ஒரு பங்கு பெற்றதே" என்றான் வெண்காடன். "அதில் மூன்றில் ஒன்று?"

மறுபடி வண்டி வந்தது. இதற்கிடையில் சுமைக்காரர்கள் விரலை நக்கினார்கள். "அடடா, இவர்களும் பங்கு பெற்றுவிட்டார்கள். சிறையில் இடம் இருக்கிறதா?" என்று வெண்காடன் கவலையோடு விசாரித்தான். பஞ்சநதம் சுமைக்காரர்களை விரட்டிவிட்டுத் தாமே தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டார். வண்டிச் சுமை கூடையாயிற்று. கூடை தாம்பாளமாயிற்று. வெளியே, உள்ளே, வெளியே, உள்ளே. வெயிலில் வெல்லம் இளகி மந்திரியின் மீசைவரை ஒட்டிக்கொண்டது. அவர் மட்டும் நாக்கை நீட்டவே இல்லை. சட்டத்தில் அவ்வளவு பற்று.

கடைசியில் உள்ளங்கையில் ஒரு துணுக்கு மிஞ்சியது. அதை மூன்றாக்க வேண்டும். நகத்தால் முயன்றார். ஊசி கேட்டார். ஊசி வருவதற்குள் மணிக்கட்டு வழியாக ஏறி வந்த ஓர் எறும்பு துணுக்கைத் தூக்கிக்கொண்டு இறங்கி நடந்தது.

"பிடியுங்கள் அதை! அதுவும் பங்கு பெற்றுவிட்டது!" என்று அலறினார் பஞ்சநதம்.

காவலர்கள் நாலு பேர் ஈட்டியோடு எறும்பின் பின்னால் ஓடினார்கள். அரசர் கிரீடம் கழன்று விழும்படி சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கழுத்து முத்துமாலையைக் கழற்றி நீட்டினார்.

"பலே வெண்காடா! இந்தா, பரிசு!"

பொன்னுருவி வாசலைப் பார்த்தாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சட்டம் இன்னும் அப்படியேதான் இருந்தது.

வெண்காடன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"ஏன், முத்து பிடிக்கவில்லையா?"

"பிடிக்காமல் என்ன மகாராஜா! ஆனால் நான் வாங்கினால் மூன்றில் ஒரு பங்கு முத்து கஜானாவுக்குப் போகும். கஜானா அதில் மூன்றில் ஒன்றைக் கஜானாவுக்குக் கட்ட வேண்டும். மந்திரியாரைப் பாருங்கள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்."

பஞ்சநதம் மாலையைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். தலைத்துண்டை அவிழ்த்து அரசர் காலடியில் வைத்தார்.

"மகாராஜா, சட்டத்தை ரத்து செய்துவிடுங்கள்!"

"ரத்து!" என்றார் அரசர்.

அந்தச் சொல் முடிவதற்குள் வெண்காடனின் கை முன்னால் வந்திருந்தது.