பிரிக்காத பெட்டி

சம்பந்தம் சாரிடம் நானூறு சினிமா வீரர் பொம்மைகள் இருந்தன. எல்லாம் சீல் பிரிக்காத பெட்டிகள். பிரித்தால் மதிப்பு போய்விடும் என்று அவரே ஒன்றையும் பிரித்ததில்லை. பெட்டிகளைத் துடைப்பது வேலைக்கு வரும் ஜெசிந்தா.

ஞாயிற்றுக்கிழமை சேகரிப்பாளர் சங்கத்திலிருந்து நால்வர் மதிப்புப் போட வந்தார்கள். சார் தன் பொக்கிஷமான 'புயல்வேந்தன்' பெட்டியை நீட்டினார். ஒருவர் அதன் கண்ணாடித்தாள் வழியே எட்டிப் பார்த்தார்.

"வாள் எங்கே சார்?"

வேந்தன் வெறுங்கையோடு நின்றான்.

சார் யோசிக்கவே இல்லை. "ஜெசிந்தா! எடுத்து உன் பிள்ளைக்குக் குடுத்துட்டியா? சாயங்காலத்துக்குள்ள வாள் வரணும். இல்லேன்னா போலீஸ்!"

ஜெசிந்தா துடைக்கும் துணியை மடித்து வைத்தாள்.

"சரிங்க சார். நான் இந்தப் பெட்டியைப் பிரிச்சேன்னு எழுதித் தரேன். பிரிச்ச பெட்டிதான்னு நீங்களும் கீழே கையெழுத்துப் போடுங்க. இவங்க நாலு பேரும் சாட்சி."

நால்வரும் பேனாவை எடுத்தார்கள்.

"இரு, இரு," என்றார் சார். "பெட்டியை யாரும் பிரிக்கலை. கம்பெனி சீல் அப்படியே இருக்கு."

"அப்ப வாளை யாரு சார் எடுத்தா?"

சங்கத்துக்காரர் ஒருவர் பெட்டியை வாங்கி சீலைத் தடவிப் பார்த்தார்.

"இதை எப்ப வாங்கினீங்க?" என்று கேட்டார் அவர்.

"ஒன்பது வருஷம் ஆச்சு."

"ஒரு நாள்கூட உள்ளே பார்க்கலையா?"

ஜெசிந்தா துணியை மறுபடி எடுத்தாள். "மிச்சம் முன்னூத்தித் தொண்ணூத்தொன்பதையும் இப்பவே பார்த்துடுங்க சார். நாளைக்கு நான் துடைக்கணும்ல."