ஏழாம் வாசல் விளக்கு உபயம்

ஓசூரில் தமயந்தி குடியிருக்கும் தெருவில் ஒரு மாரியம்மன் கோயில் உண்டு. அங்கே எரியும் டியூப்லைட் ஒவ்வொன்றும் யாராவது ஒருவரின் உபயம். கொடுத்தவர் பெயர், மனைவி பெயர், கடை விலாசம் எல்லாம் சிவப்புப் பெயின்டில் விளக்கின் மேலேயே இருக்கும். விளக்கைக் கொடுத்துவிட்டு வெளிச்சத்தை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்களோ என்று தோன்றும். பாவம் பூசாரி, அர்ச்சனைச் சீட்டைப் படிப்பதற்கு ஸ்டூல் மேல் ஏறி விளக்கை லேசாகத் திருகிவிட்டு இறங்குவார். இந்தக் கதை கோயிலைப் பற்றியது அல்ல. ஆனால் தமயந்தியின் தலைவலி இங்கிருந்துதான் ஆரம்பித்தது.

தமயந்தி பகலில் ஒரு தொழிற்சாலையில் உதிரிபாகங்களுக்கு வரைபடம் போடுகிறவள். ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டை கட்டுகிறவள். இருபது வருடத்துக்கு முன்பு காரைக்குடி முத்துக்கருப்பன் என்பவர் 'ஏழுவாசல் கோட்டை' என்றொரு கம்ப்யூட்டர் விளையாட்டைச் செய்து சிடியில் போட்டு விற்றார். அதை ஆடி வளர்ந்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். இன்றைய கம்ப்யூட்டர் எதிலும் அது ஓடாது. அதைச் செல்போனில் ஆடும்படி மறுபடி கட்டவேண்டும் என்று இவளுக்கு ஒரு பித்து. சம்பளம் கிடையாது, லாபம் கிடையாது. நான்கு வருட ஞாயிறுகள் அதில் போயிருந்தன.

முத்துக்கருப்பன் மூன்று நிபந்தனைகளோடு அனுமதி கொடுத்திருந்தார். விளையாட்டை விற்கக் கூடாது. கோட்டையில் ஒரு செங்கல்லைக்கூடக் கூட்டவோ குறைக்கவோ இடம் மாற்றவோ கூடாது. பணம் கொடுத்தவர் கண்ணுக்குத் தெரிவது கொடுக்காதவர் கண்ணுக்கும் தெரியவேண்டும். ஒன்று தவறினாலும் அனுமதி இல்லை.

கோட்டை முடியப்போகும் சமயத்தில் தமயந்தியின் பழைய கம்ப்யூட்டர் உயிரை விட்டது. ரசிகர்களிடம் நன்கொடை கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. கை நீட்ட அவளுக்குக் கூசியது. சும்மா வாங்கக் கூடாது, பதிலுக்கு ஏதாவது மரியாதை செய்யவேண்டும் என்று யோசித்தபோது கோயில் டியூப்லைட் ஞாபகம் வந்தது. கோட்டையில் ஏழு வாசல். ஒவ்வொரு கதவுக்கும் எதிர்ச்சுவர் மாடத்தில் ஒரு கண்ணாடி விளக்கு. ஏழு பேர் உதவினால் ஏழு விளக்கிலும் அவர்கள் கேட்டபடி உபயம் எழுதுவதாக அறிவித்தாள். முத்துக்கருப்பனிடமும் கேட்டுக்கொண்டாள்.

"யார் பேரை வேணும்னாலும் எழுதிக்க ஆத்தா. விளக்கு எரியணும், அவ்வளவுதான்" என்றார் அவர்.

இரண்டே நாளில் ஏழு பேரும் கிடைத்தார்கள், புதுக் கம்ப்யூட்டரும் வந்துவிட்டது. ஆறு பேர் வெறும் பெயரை அனுப்பினார்கள். ஏழாமவர் கரூர் ரத்தினவேலு. பாதிப் பணம் அவர் கொடுத்தது. அவர் போன் செய்தார்.

"ஏனுங்க அம்மிணி, எங்கண்ணன் ஆறு வாசலைத் தொறந்துட்டாருங்க. ஏழாவது கடைசி வரைக்கும் தொறக்கலீங்க. போய்ச் சேந்துட்டாரு. அவரு பேரு அங்கதான் இருக்கோணும். உள்ள வந்த ஒடனே அத்தனை பேரும் படிக்கோணும்." தமயந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு வாக்குக் கொடுத்துவிட்டாள்.

பிறகுதான் வாசகம் வந்தது. அமரர் குழந்தைவேலு நினைவாக என்று ஒரு வரி. அதன் கீழே தம்பி பெயர், ஜவுளிக் கடைப் பெயர், விலாசம், செல் நம்பர், 'மொத்தமாகவும் சில்லறையாகவும் கிடைக்கும்'.

எழுதிப் பார்த்தாள். விளக்கின் முகம் முழுக்க எழுத்து. எதிரே கதவு கும்மிருட்டு. அந்தக் கதவில் செதுக்கியிருக்கும் ஐந்து பறவைகளைப் பார்த்து வரிசையாகத் தொட்டால்தான் ஏழாம் வாசல் திறக்கும். எழுத்தை இன்னும் சிறிதாக்கினால் செல்போனில் படிக்க முடியாது.

விளையாட்டுக்கு இசை போடும் தூத்துக்குடி சகாயத்தைக் கூப்பிட்டாள்.

"ஏட்டி, இது விளக்கா, கல்வெட்டா? துட்டத் திருப்பி அனுப்பிரு" என்றான் அவன்.

"அந்தத் துட்டு கம்ப்யூட்டராயி என் முன்னாடி உக்காந்திருக்கு."

"அப்பம் கடை விலாசத்த வெட்டிரு."

"கேட்டபடி போடுறேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"இன்னொரு விளக்கு மாட்டு. இல்லன்னா பறவைகளச் செவுத்துக்கு மாத்து."

"ஒரு செங்கல்லைக்கூட அசைக்கக் கூடாதே!"

சகாயம் கையை விரித்துவிட்டான். தமயந்தி கோட்டைக்குள் போய் இருட்டில் நின்றாள். அங்கே குடம், சிலை, திருகை எதுவானாலும் விரல் வைத்து இழுத்தால் சுற்றும். சுற்றிப் பார்த்துத்தான் துப்புக் கண்டுபிடிக்கவேண்டும். அப்படி ஒரு குடத்தைச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஒரு எழுத்தும் குறையவில்லை. ஒரு விளக்கும் கூடவில்லை. பறவைகளும் இருந்த இடத்தில்தான் இருந்தன. ஆனாலும் தேடத் தெரிந்த எல்லோருக்கும் கதவில் வெளிச்சம் விழுந்தது. கெட்டிக்காரர்களே, தமயந்தி என்ன செய்தாள்?

விடை: பூசாரி செய்ததைத்தான் செய்தாள். குடத்தைப் போல விளக்கையும் விரலால் சுற்றும்படி செய்துவிட்டாள். உள்ளே வருகிறவர் முதலில் உபயத்தைப் படித்தாகவேண்டும்; பிறகு விளக்கைத் திருப்பினால் எழுத்து மாடத்துப் பக்கம் போகும், வெளிச்சம் கதவுக்கு வரும். முத்துக்கருப்பன் ஆடிப் பார்த்துவிட்டு, "விளக்கு எரியுது ஆத்தா" என்று மட்டும் சொன்னார். விளையாட்டு வெளிவந்த நாலாம் நாள் கரூரிலிருந்து போன் வந்தது. "மூணு நாளா இருட்டுல கதவையே தடவிட்டிருந்தேனுங்க அம்மிணி. வெளிச்சத்த மறைச்சது என்னோட கடை விலாசந்தான்னு இன்னிக்குத்தான் புரிஞ்சுது." அவரே தொடர்ந்தார்: "அண்ணன் பேரு மேல விரல வெச்சுத் திருப்புனேன். தொறந்துருச்சுங்க."