பாதையின் பரப்பு

"அம்மா, என்னால தியானத்துல உட்கார முடியலை," என்றார் ஏகாம்பரம்.

பூரணி அம்மை வெற்றிலைக் கொடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"நாலு மாசம் ஆச்சு. கண்ணை மூடினா ஏதேதோ வருது."

"ஏதேதோ வருதா, ஒண்ணே ஒண்ணு வருதா?"

ஏகாம்பரம் கீழே கிடந்த ஒரு சருகை எடுத்துக் கிள்ளினார்.

முப்பத்து நான்கு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவர் அவர். மனைவி போன பிறகு, மலையடிவாரத்தில் இருக்கும் இந்தச் சின்ன ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தார். அம்மை அவரைவிடப் பத்து வயது இளையவர். ஒரு காலத்தில் நர்ஸாக இருந்தவர் என்று சொல்வார்கள். யாருக்கும் உபதேசம் செய்து யாரும் பார்த்ததில்லை.

அப்போது கொத்தனார் சுடலைமுத்து வந்தார்.

"அம்மா, பூந்தோட்டத்தைச் சுத்திக் கல்லு பாவணும்னீங்கள்லா. எத்தனை சதுர அடின்னு தெரிஞ்சா லாரிக்குச் சொல்லிருவேன்."

"வாத்தியார் இருக்காரே."

சுடலைமுத்து அளவு சொன்னார். தோட்டம் முப்பது அடி நீளம், இருபது அடி அகலம். அதற்கு வெளியே சுற்றிலும் மூன்று அடிக்குப் பாதை.

"முந்நூத்தி முப்பத்தாறு," என்றார் ஏகாம்பரம்.

கொத்தனாருக்கு நம்பிக்கை வரவில்லை. கிழிந்த சிமெண்டுப் பையின் மேல் பென்சிலால் போட்டுப் பார்த்தார். பெரிய செவ்வகம் முப்பத்தாறுக்கு இருபத்தாறு. அதிலிருந்து உள்ளே இருக்கும் தோட்டத்தைக் கழிக்க வேண்டும். இரண்டு தடவை அடித்து எழுதினார்.

"சரியாத்தான் வருது. மனசுலயே எப்படி சார் போட்டீங்க?"

"பாதைக்கு நடுவுல ஒரு சுத்து நடந்தா நூத்திப் பன்னெண்டு அடி. அதை மூணால பெருக்கினேன்."

"அட! கழிக்கவே வேண்டாமா? உங்க மூளையே மூளை சார்!"

சுடலைமுத்து சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

ஏகாம்பரம் சிரிக்கவில்லை. அவர் முகத்தையே அம்மை பார்த்துக்கொண்டிருந்தார்.

"யார் கணக்கு அது?"

ஏகாம்பரம் தோட்டத்து ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"பேச்சியம்மாள்னு ஒரு பிள்ளை," என்றார்.

இருபத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், எட்டாம் வகுப்பு. இதே மாதிரி ஒரு கணக்குத்தான். இருபது மீட்டர் நீளம், பன்னிரண்டு மீட்டர் அகலமுள்ள பூங்கா. வெளியே சுற்றிலும் இரண்டு மீட்டர் பாதை. வெளிச் செவ்வகத்தில் உள் செவ்வகத்தைக் கழிக்க வேண்டும் என்று மூன்று நாள் நடத்தியிருந்தார்.

பேச்சியம்மாள் நோட்டில் கழித்தலே இல்லை. எழுபத்திரண்டு, பெருக்கல் குறி, இரண்டு. விடை நூற்று நாற்பத்து நான்கு. ஒரே ஒரு வரி.

"யாரைப் பாத்து எழுதின?"

"யாரையும் பாக்கல சார்."

"பின்ன எங்கிருந்து வந்துச்சு எழுபத்திரண்டு?"

"பாதைக்கு நடுவுல நடந்து பாத்தேன் சார்."

"எங்க நடந்த? நோட்டுக்குள்ளயா?"

வகுப்பே சிரித்தது. அவருக்கும் அது பிடித்திருந்தது. சிவப்பு மையில் சுழியம் போட்டு, நோட்டைப் பின் பெஞ்சு வரைக்கும் எல்லோரும் பார்க்கும்படி அனுப்பினார். மணி அடிக்கும் வரை அவளைக் கதவுக்கு வெளியே நிற்க வைத்தார்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. பிறகு வரவே இல்லை.

"தெரியாமத் தப்புப் பண்ணிட்டேன் அம்மா."

"தெரியாமலா?"

ஏகாம்பரம் மண்ணைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுல உட்கார்ந்து அவ வழியில போட்டுப் பாத்தேன். வேற மூணு கணக்குக்கும் அதே மாதிரி போட்டேன். எல்லாத்துக்கும் சரியா வந்துச்சு."

"அவ வீடு எங்க இருந்துச்சு?"

"பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி. மூணாவது தெரு."

"போனீங்களா?"

"ஒரு பிள்ளைகிட்டப் போய் என்னன்னு சொல்றது? நாளைக்கு வருவா, பாத்துக்கலாம்னு இருந்தேன்."

அம்மை செம்பைக் கீழே வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை.

கேட்காததுதான் அவரை உலுக்கியது.

"அடுத்த வருஷத்துல இருந்து அவ வழியத்தான் சொல்லிக் குடுத்தேன். பிள்ளைங்க ஏகாம்பரம் சார் வழின்னு சொல்வாங்க. நான் ஒரு தடவைகூட இல்லைன்னு சொன்னதில்லை."

கொடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"தினமும் அவளுக்காகப் பிரார்த்தனை பண்றேன் அம்மா."

"இப்ப எங்க இருக்கா?"

"களக்காட்டுப் பக்கம் கட்டிக் குடுத்ததாக் கேள்வி. பஸ்ல ரெண்டு மணி நேரம்."

பூரணி அம்மை தியான மண்டபத்துக்குள் போனார். நாலு மாதமாக ஏகாம்பரம் உட்கார்ந்திருந்த பாயை அம்மை சுருட்டினார். கயிற்றால் கட்டி மூலையில் சாத்தி வைத்தார்.

மதியம் பன்னிரண்டு மணி பஸ்ஸில் ஏகாம்பரம் ஏறினார்.

களக்காட்டில் இறங்கி நாலு இடத்தில் விசாரித்தார். கடைசியில் ஒரு ஓட்டு வீட்டைக் காட்டினார்கள். வாசலில் ஒரு பெண் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி இலை வெட்டிக்கொண்டிருந்தாள். ஒரு தகரத் துண்டை அச்சாக இலையின் மேல் வைத்துச் சுற்றிலும் கத்தரி ஓட்டினாள். அளவெடுத்தது போல இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன.

நிமிர்ந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"கணக்கு சாரா?"

முறத்தை ஒதுக்கிவிட்டு எழுந்தாள். உள்ளேயிருந்து நாற்காலி வந்தது. பக்கத்துக் கடையிலிருந்து கலர் சோடா வந்தது. "எங்க வீட்டுக்கெல்லாம் சார் வந்திருக்கீங்களே," என்று இரண்டு தடவை சொன்னாள்.

அவர் கலரைக் கீழே வைத்தார்.

"பேச்சி, உன்கிட்ட மன்னிப்புக் கேக்க வந்தேன்."

"ஐயோ, எதுக்கு சார்?"

"அன்னைக்கு உன்னை வெளிய நிக்க வச்சேன். அதனால உங்க அப்பா படிப்பை நிறுத்திட்டாருன்னு சொன்னாங்க."

"அப்பாவா? அவுக படி படின்னுதான சொன்னாவ. நான்தான் நின்னுக்கிட்டேன். எனக்கு மண்டையில ஒண்ணும் ஏறல, தப்புத் தப்பாப் போடுதேன்னு நானே சொன்னேன். நீங்க என்ன சார் செய்வீங்க? தப்பைத் தப்புன்னுதான சொல்ல முடியும்?"

மறுபடி உட்கார்ந்து கத்தரியை எடுத்தாள். பேசிக்கொண்டே வெட்டினாள்.

"எம் மவ பத்தாவதுல நல்ல மார்க்குத்தான் எடுத்தா. கணக்கு குரூப்புதான் வேணும்னு ஒரே அழுகை. வேண்டாம்டி, நம்ம ரத்தத்துல கணக்கு கிடையாதுன்னு நான்தான் மாத்தி விட்டேன். இப்ப துணிக்கடையில நிக்கா. பாவம், என்னை மாதிரி அவளும் அசிங்கப்படக் கூடாதுல்லா?"

ஏகாம்பரம் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். பஸ்ஸில் வரும்போது அவள் திட்டுவாள் என்று நினைத்திருந்தார். கதவைச் சாத்துவாள் என்றும் நினைத்திருந்தார். அதற்கெல்லாம் தயாராகத்தான் வந்திருந்தார்.

"பேச்சி," என்றார். "நீ போட்டது சரி."

"எது சார்?"

"நூத்தி நாப்பத்தி நாலு. சரியான விடை. நீ போட்ட வழியும் சரி. புஸ்தகத்துல இருந்ததைவிட நல்ல வழி."

கத்தரி நின்றது.

பாதி வெட்டிய இலையைக் கையில் வைத்தபடி அவள் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல அவர் பக்கம் திரும்பினாள். அவள் கண்ணில் கோபம் இல்லை. இந்த வயதில் இத்தனை தூரம் தேடி வந்தவர் மேல் ஒரு இரக்கம்தான் இருந்தது.

"இப்பத்தான் தெரிஞ்சு, உடனே ஓடி வந்தீகளா சார்?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் அதை நம்பிவிடுவாள். அன்றைக்கு நம்பியது போலவே.

"இல்லைம்மா," என்றார் ஏகாம்பரம். "அன்னைக்குச் சாயங்காலமே தெரியும்."