கேபிளின் அந்தப் பக்கம்

"என் கை போயிடுச்சு," என்றார் மாசிலாமணி. "இனிமே படகு ஓட்ட முடியாது. வித்துடட்டுமா?"

செவந்தி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, அவருடைய படகு கட்டியிருந்த இடத்துக்கு நடந்தாள்.

அவளுக்கு முப்பத்தைந்து வயது. உப்பங்கழிக் கரையில் தகரக் கொட்டகை போட்டு எஞ்சின் பழுது பார்ப்பவள். அவருக்கு அறுபத்திரண்டு. ஆனாலும் அந்தக் கழியில் எஞ்சின் விஷயம் என்றால் நரைத்த தலைகள்கூட அவளிடம்தான் வந்து நிற்கும். அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. படகுக்காரர்தான் தன் கையால் வேலை செய்ய வேண்டும். அவள் சொல்லித் தருவாள். கூப்பிட்டால் ஒழிய ஒரு திருகைக்கூடத் தொடமாட்டாள்.

மாசிலாமணியினுடையது ஜெட் படகு. அடியில் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சும் வேகத்தில் ஓடுவது. சுழலும் விசிறி வெளியே இல்லாததால் முழங்கால் ஆழத்திலும் போகும். கழிக்கு நடுவே இருக்கும் கோரைத்திட்டுக்கு வேறு எந்தப் படகும் போய்ச் சேராது, சேற்றில் தட்டி நின்றுவிடும். அந்தத் திட்டில் ஒரே ஒரு வீடு. அது அவருடையது.

மனைவி இறந்தபோது கரையில் இருந்த சனம் சேற்றில் நடந்து பதினாறு நாள் சோறு கொண்டுபோனது. பதினேழாம் நாள், இனி யாரும் வர வேண்டாம், என்னை நான் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டார். நல்ல சனம். சொன்னபடி கேட்டது. நாலு வருஷமாக ஒருவரும் போகவில்லை.

படகின் பின்பக்கம் நின்று செவந்தி விரலை நீட்டினாள். தண்ணீர் பீய்ச்சும் குழாயோடு ஸ்டீயரிங் கேபிள் சேரும் இடத்தில் ஓர் ஆணி இருந்தது. அதைக் கழற்றச் சொன்னாள். கழற்றினார். குழாயை ஒரு விரலால் தள்ளச் சொன்னாள். அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் லேசாகப் போய்வந்தது.

பிறகு முன்னால் போய் ஸ்டீயரிங்கைத் திருப்பச் சொன்னாள். இரண்டு கையாலும் முக்கினார். அசைவேனா என்றது.

"கை நல்லாத்தான் இருக்குண்ணே. கேபிள் உள்ளுக்குள்ள துருப்பிடிச்சு இறுகியிருக்கு. ரெண்டு வருஷமாவது ஆகியிருக்கும்."

சந்தோஷப்பட வேண்டிய இடம். அவருக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு வருஷம் ராத்திரியெல்லாம் தோளுக்குத் தைலம் தேய்த்து, வயசாகிவிட்டது என்று தன்னையே திட்டிக்கொண்டிருந்தார். வேறொருவர் ஒரு நாள் அந்த ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். படகில்தான் வேறொருவர் ஏறியதே இல்லையே.

"புதுசு குடு. நானே மாத்திக்கிறேன்," என்றார்.

செவந்தி கொட்டகையிலிருந்து புதுக் கேபிளை எடுத்துவந்து கொடுத்தாள். ஸ்டீயரிங் பக்கத்து மரையை எப்படித் தளர்த்துவது, பின்னால் தண்ணீர் உள்ளே வராதபடி போட்டிருக்கும் ரப்பரை எப்படிக் கழற்றுவது என்றெல்லாம் சொன்னாள்.

"பழசை உருவறதுக்கு முன்னாடி மட்டும் என்னைக் கூப்பிடுங்க."

தலையாட்டினார். அவள் கொட்டகைக்குத் திரும்பினாள்.

வேலை நன்றாகவே ஓடியது. மரை கழன்றது, ரப்பர் வந்தது. பழைய கேபிளின் முனையைப் பிடித்துப் பார்த்தார். கூப்பிட என்ன இருக்கிறது, இழுத்தால் வருகிறது என்று தோன்றியது. இழுத்தார். மஞ்சள் துருவைக் கக்கிக்கொண்டு முழுசாக வந்துவிட்டது. அதைச் சுருட்டிக்கொண்டு போய் அவள் காலடியில் போட்டார். முகத்தில் பெருமை தாங்கவில்லை.

அவள் கேபிளின் வாலைத் தூக்கிப் பார்த்தாள்.

"இதுல நூல் கட்டி இழுத்தீங்களா?"

"எதுக்கு நூலு?"

"பழசு வெளிய வரும்போது நூல் உள்ள போயிருக்கும். அந்த நூல்ல புதுசைக் கட்டி இழுத்திருக்கலாம். இப்ப உள்ள ஒண்ணுமில்ல. வெறும் இருட்டு."

அவள் உட்கார்ந்து ஒரு பம்ப்பைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

மாசிலாமணி முன்பக்கம் குப்புறப் படுத்துக் கேபிளைத் தள்ளினார். பாதி தூரம் போய், எண்ணெய் டேங்குக்கு அடியில் எங்கோ முட்டிக்கொண்டது. எழுந்து பின்பக்கம் ஓடி, ஓட்டைக்குள் கையை விட்டுத் துழாவினார். எட்டவில்லை. மறுபடி முன்னால் வந்து முறுக்கித் தள்ளினார். மறுபடி பின்னால் ஓடினார். வெயில் ஏறியது. பத்து முறைக்குமேல் எண்ணுவதை விட்டுவிட்டார். அவர் முன்னால் இருக்கும்போது பின்னால் ஆளில்லை. பின்னால் போனால் முன்னால் ஆளில்லை.

மத்தியானம் தாண்டிக் கொட்டகை வாசலில் வந்து நின்றார். சட்டை முழுக்க கிரீஸ்.

"தனியாளா இதை மாத்த எவ்வளவு நேரம் ஆகும்?"

"ரெண்டு பேரா அரை மணி நேரம். தனியாளான்னா எனக்குத் தெரியாதுண்ணே. முடிச்சேன்னு யாரும் இன்னும் வந்து சொல்லல."

"அப்ப இருக்கற நிலையிலேயே வித்துடறேன். நாளைக்குக் காலையில ஒருத்தர் வந்து பாக்கறேன்னு சொல்லியிருக்காரு."

"படகில்லாம கரைக்கு எப்படி வருவீங்க?"

"சேத்துல நடந்து வருவேன்."

"நடுவுல விழுந்துட்டா?"

அவர் கையிலிருந்த கிரீஸைச் சட்டையில் துடைத்தார்.

"யாரைக் கூப்பிடுவீங்க?" என்று கேட்டாள். குத்திக்காட்டவில்லை. பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல, வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள்.

மாசிலாமணி யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். ஒரு பெயரும் வரவில்லை. தன்னை நினைத்து ஒரு பயம் வந்தது அவருக்கு. படகுக்குத் திரும்பிப் போய், கேபிளை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். எதிரே தண்ணீர் கிடந்தது. தூரத்தில் அவருடைய வீடு தெரிந்தது. போய்க் கதவைத் திறந்தால் காலையில் வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும்.

தொண்டையைச் செருமினார். ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்று அவருக்கே தெரியவில்லை.

"செவந்தி," என்றார். குரல் எழும்பவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டார். "செவந்தி. கொஞ்சம் வாயேன்மா."

ஒரு நொடிகூட ஆகவில்லை. பம்ப்பை அப்படியே போட்டுவிட்டு வந்தாள். வரும்போதே முழங்கைக்கு மேல் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டாள். ஒரு வார்த்தை கேட்காமல் பின்பக்கம் ஏறிப் படுத்து, ஓட்டைக்குள் தோள்வரை கையை விட்டாள்.

"தள்ளுங்க."

அவர் ஸ்டீயரிங்குக்கு அடியில் படுத்துத் தள்ளினார். அங்கிருந்து அவள் தெரியவில்லை. இருட்டும் எண்ணெய் வாடையும்தான். கேபிள் போனது. வழக்கமான இடத்தில் முட்டியது. முட்டும் என்று அவருக்குத் தெரியும்.

அப்போது கேபிள் அவர் கைக்குள் தானாக நகர்ந்தது. ஒரு சாண் போனது. நின்று, மறுபடி போனது.

அவர் கையை விட்டுவிட்டார்.

"ஏண்ணே, விட்டுட்டீங்க?" என்றது பின்னாலிருந்து குரல்.

அவர் அழுதுகொண்டிருந்தார். அது அவளுக்குக் கேட்டிருக்கும், சின்னப் படகுதானே.

"யாரோ இழுத்தாங்க," என்றார்.

"நான்தாண்ணே," என்றாள் செவந்தி. "தள்ளுங்க."