ஊர்க் குண்டு

மலையின் இரண்டாம் மடிப்பில் ஆசான் இஞ்ஞாசியின் பட்டறை இருந்தது. குழலின் வாய்வழியாக மருந்தும் குண்டும் போட்டுக் கெட்டித்துச் சுடுகிற பழைய துப்பாக்கிகளை அவர் பழுது பார்ப்பார். அந்த மலையில் பயிர் காக்கிற எல்லா வீட்டிலும் அப்படி ஒன்று உண்டு.

ஒரு காலையில் பிலோமினா அங்கே வந்தாள். இடுப்பில் ஆறு மாதப் பெண் குழந்தை, தோளில் துப்பாக்கி. கீழே கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள், கல்யாணமாகி மலையேறியவள். முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தபோது கணவன் காய்ச்சலில் இறந்துபோனான். குழந்தையோடு திரும்பி வந்து, ஓடைக்கு அப்பால் இருந்த தினைக்காட்டு வீட்டில் தனியாக இருந்தாள்.

"குண்டு வேணும் ஆசானே."

"எதுக்கு?"

"சிறுத்தை. போன வாரம் நாயைத் தூக்கிச்சு. முந்தாநாள் ஆட்டை. வீட்டுல இனி நானும் இவளுந்தான் பாக்கி."

"கீழ போயிடலாமே?"

"தினை இப்பதான் பால் பிடிச்சிருக்கு. விட்டுட்டுப் போனா ஒரு மணி மிஞ்சாது. அப்புறம் எதை வச்சு இவளை வளர்க்கறது?"

ஆசான் துப்பாக்கியை வாங்கினார். கூடையிலிருந்து ஓர் ஈயக் குண்டை எடுத்து, அவள் பார்க்கக் குழலுக்குள் போட்டார். அது கடகடவென்று உருண்டு இறங்கியது. குழலைக் கவிழ்த்தார். அதே வேகத்தில் உருண்டு வந்து அவர் கையில் விழுந்தது.

"இது நம்ம மலைத் துப்பாக்கி இல்ல."

"அவரோட தாத்தா வேற மலையிலேருந்து கொண்டுவந்ததாம்."

அந்த மலைத் துப்பாக்கிகள் அத்தனைக்கும் குழல் கடைந்தவர் ஆசானின் தகப்பனார். எல்லாம் ஒரே அளவு. ஒரு வீட்டுக் குண்டு எந்த வீட்டுக்கும் சேரும். பொழுது சாயும்போது குண்டு தீர்ந்தால் பக்கத்துக் காட்டுக்குப் போய்க் கேட்பார்கள். வாங்கியதைத் திருப்பித் தர வேண்டியதில்லை. ஆனால் அது எங்கே போயிற்று என்று மறுநாள் காலையில் கொடுத்தவர் வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். அதுதான் அங்கே வழக்கம்.

"ஊர்க் குண்டு இதுக்குச் சிறுசு" என்றார் ஆசான்.

"அப்போ இந்த அளவுக்கு ஒரு அச்சு வெட்டிக் கொடுங்க. ஈயம் காய்ச்சி நானே வார்த்துக்கறேன். எனக்கு யார் தயவும் வேண்டாம்."

"அச்சு ஒரு நாள் வேலை."

"நாளைக்கு வரட்டுமா?"

"வா. அச்சு தரமாட்டேன். ஊர்க் குண்டுக்கு உறை போடக் கத்துத் தரேன்."

அவளுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் மறுநாள் வந்தாள்.

உறை என்றால் துணிதான். சிறிய குண்டைத் துணியில் பொதிந்து இறக்கினால் குழலுக்கும் குண்டுக்கும் நடுவே உள்ள சந்து அடைபடும். சொல்ல எளிது. பிலோமினா முதலில் புதுக் காடாத்துணியை வெட்டினாள். குண்டைக் குத்தி இறக்குகிற கம்பி பாதிக் குழலுக்கு மேல் இறங்கவில்லை. முழு பலத்தோடு குத்தினாள்.

ஆசான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். "குண்டு மருந்து மேல போய் உக்காரணும். நடுவழியில நின்னுச்சுன்னா குழல் வெடிச்சிடும். முதல்ல சாகறது நீதான்." ஒரு மணி நேரம் பாடுபட்டு அவரே அதை வெளியே எடுத்தார்.

அடுத்து மெல்லிய பட்டுத்துணி. சுலபமாக இறங்கியது. முப்பதடியில் ஒரு பூசணிக்காயை வைத்திருந்தார்கள். சுட்டாள். காய் பிளந்தது.

"பட்டுடுச்சு ஆசானே!"

ஆசான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "துணியைத் தேடி எடுத்துட்டு வா."

துணி பத்தடியில் புல்லில் கிடந்தது. நடுவில் கருகி ஓட்டையாகியிருந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தளர்ச்சி. சந்து வழியா நெருப்பு குண்டைத் தாண்டிப் போயிருக்கு. காய் பிளந்தது உன் அதிர்ஷ்டம். வேற துணி கொண்டு வா."

தினமும் காலையில் வருவாள். வெயில் சாய்வதற்குள் வீட்டுக்கு ஓடிவிடுவாள். சாக்குத் துணி, தலையணை உறை, பள்ளிக்கூடத்துப் பாவாடை எல்லாம் பார்த்தாயிற்று. சுட்டது எங்கே பட்டது என்று ஆசான் ஒருநாளும் கேட்டதில்லை. துணியைத்தான் கேட்பார். ஓரம் கிழிந்திருந்தால் இறுக்கம் என்பார். கருகியிருந்தால் தளர்ச்சி என்பார்.

ஐந்தாம் நாள் அவள் பொறுமை போயிற்று. "பத்தடியில கழண்டு விழற துணிக்கு இவ்வளவு பாடா?"

"கழண்டு விழற வரைக்கும் குண்டு அதை நம்பித்தானே இருக்கு?"

ஏழாம் நாள் கணவனுடைய பழைய வேட்டியைக் கொண்டுவந்தாள். வெட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டு மடிப்பு, விளக்கெண்ணெயில் தோய்த்தது. கம்பி ஒரே சீராக அடிவரை இறங்கியது. சுட்ட பிறகு துணி முழுசாகக் கிடைத்தது. நடுவில் ஒரு கறுப்பு வட்டம் மட்டும்.

"இதுதான்" என்றார் ஆசான். கூடையிலிருந்து குண்டு எடுத்து அவள் கையில் வைத்தார். ஒன்றே ஒன்று.

"ஒண்ணுதானா?"

"ஊர்ல இருக்கு."

அவள் குண்டை மடியில் முடிந்துகொண்டாள். ஊர் அவளை 'இங்கிலீசு' என்று கூப்பிட்டது. ஊற்றுக்கரையில் குழந்தைக்கு அவள் ஆங்கிலப் பாட்டு பாடியபோது தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அன்றிலிருந்து, அவர்கள் போன பிறகுதான் அவள் குடத்தை எடுப்பாள்.

அன்று மாலையே சிறுத்தை வந்தது. காலியான ஆட்டுப்பட்டியை மோந்துவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பியது. பிலோமினா சன்னல் வழியாகக் குறிபார்த்தாள். சுட்டாள். குறி தவறிப் பட்டியின் கம்பம் சிதறியது. சிறுத்தை பாறைக்குப் பின்னால் பதுங்கியது. போகவில்லை. வால் நுனி அவளுக்குத் தெரிந்தது.

துப்பாக்கி காலி. மருந்து இருந்தது, வேட்டித் துணி இருந்தது, குண்டு இல்லை. ஓலைக் கதவை ஒருமுறை பார்த்தாள். குழந்தையைப் புடவையில் இறுக்கி மார்போடு கட்டினாள். பின்பக்கமாக இறங்கி ஓடையைத் தாண்டி ஓடினாள்.

ஓடைக்கு இந்தப் பக்கம் சலேத்துவின் காடு. ஊற்றுக்கரையில் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவள் அவள்தான். கதவைத் திறந்ததும் மேலும் கீழும் பார்த்தாள்.

"அடியாத்தி, இங்கிலீசு! வழி தவறி வந்துட்டியா?"

"அக்கா, குண்டு வேணும். சிறுத்தை வீட்டுக்கிட்ட நிக்குது."

"உங்க துப்பாக்கிக்கு எங்க குண்டு எங்கடி சேரும்? அதனாலதானே உன் புருஷன் ஒருநாளும் இந்த வாசலை மிதிச்சதில்ல."

"சேரும்." மடியிலிருந்து துணியை எடுத்துக் காட்டினாள்.

சலேத்து ஒரு குண்டை எடுத்துக் கொடுத்தாள். அங்கேயே, அவள் கண் முன்னால், பிலோமினா கெட்டித்தாள். கம்பி அடிவரை இறங்குவதைச் சலேத்து குனிந்து பார்த்தாள்.

"படிச்சவதான்" என்றாள். பிறகு குழந்தையைப் பார்த்தாள். குழந்தை வாயில் விரலோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. சலேத்து உள்ளே போய்த் தன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வந்தாள். "நட. நான் முன்னாடி போறேன். நீ குறி தவறி என் முதுகுல சுட்டுத் தொலைக்காதே."

பாறையருகே இரண்டு துப்பாக்கியும் ஒன்றாக வெடித்தன. சிறுத்தை ஒரு தாவலில் ஓடைச்சரிவில் விழுந்து கிடந்தது. யார் குண்டு பட்டது என்று தெரியவில்லை. "என்னுதுதான்" என்றாள் சலேத்து. பிலோமினா மறுக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். சலேத்து குழந்தையை அவிழ்த்து வாங்கிக்கொண்டாள்.

காலையில் வழக்கப்படி பிலோமினா ஓடையைத் தாண்டிப் போனாள்.

"பக்கத்துல நின்னு பார்த்தவகிட்ட என்னத்தடி சொல்லப் போறே?" என்று சிரித்தாள் சலேத்து. "ஆசான்கிட்டப் போய்ச் சொல்லு. நானும் வரேன், பொய் சொன்னா பிடிக்கணுமில்ல."

பட்டறை வாசலில் சலேத்து குழந்தையோடு நின்றுவிட்டாள். பிலோமினா உள்ளே போய் நடந்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் குரல் உயர்ந்தது.

"அவங்க வீட்டுல இல்லாம இருந்திருந்தா? ஒரே ஒரு குண்டு கொடுத்து அனுப்பினீங்களே. என் பிள்ளை போயிருக்கும் ஆசானே. ஒரு நாள் வேலைன்னு நீங்கதானே சொன்னீங்க? அந்த அச்சை வெட்டித் தந்தா என்ன?"

ஆசான் துருத்தியை நிறுத்தினார்.

"உன் புருஷனும் வந்து கேட்டான். நீ தாய்வீடு போன மறுநாள். ஒரே நாள்ல வெட்டிக் கொடுத்தேன். நல்லா அமைஞ்சுது."

"வீட்டுல அச்சு எதுவும் இல்லையே."

"அடக்கத்தன்னைக்கு நான்தான் எடுத்துட்டு வந்து உலையில போட்டேன்."

"ஏன்?"

வெளியே குழந்தைக்குச் சலேத்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஆசான் அடங்கிய நெருப்பைக் கிளறினார்.

"காய்ச்சல்ல அவன் மூணு நாள் கிடந்தான். ஒருத்தரும் ஓடையைத் தாண்டல. அவன் குண்டு கேட்டு வந்திருந்தா, காலையில ஏன் சொல்ல வரலேன்னு யாராவது பார்க்கப் போயிருப்பாங்க. தாண்டறதுக்கு யாருக்கும் ஒரு காரியம் இல்லாமப் போச்சு."